வக்கீல் வ.உ.சி. இரண்டு தடவை கம்பெனிக்குப் போனார்

வ.உ.சி. என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இரண்டே இரண்டு காட்சிகள். ஒன்று கப்பல், இன்னொன்று செக்கு. அதுவும் 1961ல் வந்த பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' படத்து சிவாஜி முகத்தோடு சேர்ந்துதான் வரும். பள்ளிக்கூடத்துப் பாடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் அந்த மனிதர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை.

வக்கீல். அப்புறம்? கம்பெனி அதிகாரி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் உதவிச் செயலாளர். இன்று எங்கள் வகுப்பில் பேசும் பாஷையில் சொன்னால், 'லிட்டிகேஷன்' பக்கமிருந்து 'கார்ப்பரேட்' பக்கம் போனவர். இப்படிச் சொன்னதும் சிலர் அடிக்க வருவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். தியாகத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. எல்லோரும் செக்கையே பார்த்துக்கொண்டிருப்பதால், அவர் செய்த வேலை கண்ணில் படாமலே போய்விட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

அவர் சட்டம் படித்தது எங்கள் திருச்சியில்தான். ஒட்டப்பிடாரத்தில் தாலுகா ஆபீஸில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்தவரை, அப்பா உலகநாத பிள்ளை (அவரும் வக்கீல்தான்) சட்டம் படிக்கத் திருச்சிக்கு அனுப்பினார். 1894ல் ப்ளீடர் பரீட்சை பாஸ் செய்து, சொந்த ஊரிலேயே தொழிலை ஆரம்பித்து, 1900ல் தூத்துக்குடிக்குப் போனார். அதாவது கம்பெனி தொடங்கிய 1906ல் அவர் பத்து வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் நின்று பழகிய ஆள். கட்சிக்காரர்கள் இருந்தார்கள். ஊரில் பெயர் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1906 அக்டோபர் 16ஆம் தேதி கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். கம்பெனியின் நோக்கங்களில் கப்பல் விடுவது மட்டும் இல்லை. நம்மவர்களுக்குக் கப்பல் தொழிலைக் கற்றுக்கொடுப்பது, கப்பல் கட்டும் இடம் அமைப்பது என்றெல்லாம் இருந்தது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இது மேடைப் பேச்சு இல்லை, டிராஃப்டிங். எதை எழுதினால் பதிவாகும், எதை எழுதினால் ஜமீன்தாரும் சேட்டும் நம்பிப் பணம் போடுவார்கள் என்று தெரிந்தவர் செய்த வேலை.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. வாடகைக்குக் கிடைத்த கப்பல்கள் எதிராளியின் நெருக்கடியால் கைவிட்டுப் போயின. சொந்தக் கப்பல் இல்லாமல் முடியாது என்று வ.உ.சி. பம்பாய்க்கே போய்ப் பணம் திரட்டினார். 1907ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அந்தக் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொண்டு போய், கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். ஜியோ சிம் ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. நஷ்டத்தைத் தாங்கும் வசதி உள்ளவன் இலவசமாகக் கொடுத்து மற்றவனை முடிப்பது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை.

ஆனால் இன்றைய கம்பெனி அதிகாரி யாரும் செய்யாத ஒரு காரியத்தை அவர் செய்தார். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்லில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம். ஒரு கம்பெனியின் நிர்வாகத்தில் இருப்பவர், இன்னொரு கம்பெனியின் தொழிலாளர்களுக்காகப் போய் நிற்கிறார். ஒன்பது நாளில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. இன்று ஒரு கம்பெனியின் சட்ட அதிகாரியை அந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, 'வேலை இல்லையேல் கூலி இல்லை' என்ற நோட்டீஸை டைப் அடித்துக்கொண்டிருப்பார்.

கப்பல் கம்பெனியின் டைரக்டர்கள் பலருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. லாபம் பார்க்க வேண்டிய கம்பெனியை இவர் போலீஸ் கண்ணில் படவைக்கிறார் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்தவர் பணம் 10 லட்சம் திரட்டப் போனவருக்கு அந்தப் பணத்தின் மேல் ஒரு கடமை இருக்கிறது. அவருக்கு வேறு கடமைகளும் இருந்தன. மார்ச் 12ல் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார், அந்தக் கணக்கில் 40 வருஷம். அப்பீலில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்கு முன்பே 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டு, கப்பல்களில் ஒன்று அந்தப் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. அரசாங்கத்தின் கெடுபிடியும் பெரிய கம்பெனியின் பணபலமும் முக்கியக் காரணங்கள், சந்தேகமில்லை. கூடவே எனக்குத் தோன்றுவது, அந்தக் கம்பெனி ஒரே ஆளை நம்பி நின்றது. அவர் உள்ளே போனதும் அதை இழுத்துச் செல்ல அடுத்த ஆள் இல்லை. (இதைப் பற்றி விரிவாகப் படிக்க விரும்புகிறவர்கள் ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதியவற்றைத் தேடிப் பிடியுங்கள். வ.உ.சி.யைச் சிலையாகப் பார்க்காமல் மனிதராகப் பார்க்க அவர்தான் வழி காட்டினார்.)

இது வ.உ.சி. ஒருவர் கதை மட்டுமில்லை. அந்த ஏழெட்டு வருஷத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்து, பிறகு சென்னைக்கு வந்து, ஹிந்து பத்திரிகைக்குச் சட்ட ஆலோசகராக இருந்த கஸ்தூரிரங்க ஐயங்கார், நொடித்துக் கிடந்த அந்தப் பத்திரிகையை 1905ல் 75,000 ரூபாய்க்கு வாங்கினார். 1906 அக்டோபரில், அதாவது கப்பல் கம்பெனி பதிவான அதே மாதம், சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னால் நின்றவர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர். 1907 ஆகஸ்ட் 15ல் இந்தியன் வங்கி திறந்தது. திருக்குறுங்குடி டி.வி.சுந்தரம் ஐயங்கார் வக்கீலாகத் தொடங்கி, ரயில்வேக்குப் போய், வங்கிக்குப் போய், எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911ல் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தை ஆரம்பித்தார். பத்திரிகை, கப்பல், வங்கி, பஸ். நாலுக்குப் பின்னாலும் வக்கீல்.

ஏன் வக்கீல்? வேறு யாருக்கு முடிந்திருக்கும் என்று யோசித்தால் பதில் கிடைக்கும். 1882ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் இங்கிலீஷில் இருந்தது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய நம்மூர் ஆள் அவர்தான். ஜமீன்தாரும், பருத்தி வியாபாரியும், லேவாதேவிக்காரரும் அவருடைய கட்சிக்காரர்கள். யாரிடம் பணம் இருக்கிறது, யாருக்கு யாரோடு பகை, யார் கையெழுத்துக்கு மதிப்பு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்போது எம்.பி.ஏ. எல்லாம் ஏது? முன்சீப் கோர்ட் வராந்தாதான் பிசினஸ் ஸ்கூல். :-)

இவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருந்தது இன்னொன்று உண்டு. தங்கள் பெயரைப் போட்டுப் போனார்கள். மாதச் சம்பளத்துக்கு அவர்கள் போகவில்லை. கம்பெனி மூழ்கினால் இவர்கள் பெயரும் மூழ்கும்.

சரி, இன்றைக்கு வருவோம். இன்று ஒரு வக்கீல், கையில் சன்னதை வைத்துக்கொண்டு வ.உ.சி. மாதிரி ஒரு கம்பெனிக்குச் செயலாளராக இருக்க முடியுமா? முடியாது. பார் கவுன்சில் விதி 48 அதைத்தான் சொல்கிறது. வக்கீல் ஒரு கம்பெனியின் டைரக்டராக இருக்கலாம், போர்டுக்குத் தலைவராகக்கூட இருக்கலாம், ஆனால் அன்றாட நிர்வாக வேலை எதுவும் அவர் கையில் இருக்கக்கூடாது. மேனேஜிங் டைரக்டர் ஆகக்கூடாது, செயலாளர் ஆகக்கூடாது. விதி 47, சொந்தமாக வியாபாரம் நடத்தக்கூடாது என்கிறது. விதி 49, முழுநேரச் சம்பளக்காரராகப் போனால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. வேலையை விட்டால் திரும்பவும் வரலாம். கதவு மூடப்படுகிறது, பூட்டு இல்லை.

ஆக, இன்றைய விதிப்படி 1906ஆம் வருஷத்து வ.உ.சி. மீது ஒழுங்கு நடவடிக்கை வந்திருக்கும்! போதாக்குறைக்கு, 2013 கம்பெனிச் சட்டப்படி அந்த அளவு கம்பெனி ஒன்றுக்குச் செயலாளராக வர, கம்பெனி செக்ரடரி பரீட்சை வேறு பாஸ் செய்திருக்க வேண்டும்.

இந்த விதிகள் தேவையா என்று எங்களுக்குள் அடிக்கடி சண்டை வரும். என் கட்சி, தேவைதான். சம்பளம் கொடுக்கும் முதலாளியிடம் 'இது தப்பு சார்' என்று சொல்வதும், வழக்குக்கு வழக்கு ஃபீஸ் கொடுக்கும் கட்சிக்காரரிடம் சொல்வதும் ஒன்றில்லை. இரண்டாமவர் போனால் வேறொருவர் வருவார். முதலாளி போனால் ஒன்றாம் தேதி சம்பளம் போய்விடும். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. கம்பெனிகளில் வேலை பார்க்கும் சட்ட அதிகாரிகள், கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீல்கள் அல்ல, ஆகவே வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உள்ள ரகசியத்துக்குச் சட்டம் தரும் அதே பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது என்று தீர்ப்பு. அந்த இரண்டு நாற்காலியிலும் ஒருவர் ஒரே சமயத்தில் உட்கார முடியாது என்பதே சாரம். நானி பல்கிவாலா டாடா கம்பெனிகளில் டைரக்டராக இருந்துகொண்டேதான் கேசவானந்த பாரதி வழக்கில் வாதாடினார், தீர்ப்பு 1973ல் வந்தது. அவரை உதாரணம் காட்டுகிறவர்கள், விதி 48 விட்டு வைத்திருக்கும் சந்து அதுதான் என்பதைக் கவனிப்பதில்லை. எல்லோரும் பல்கிவாலாவும் இல்லை.

நான் உண்மையில் பேச வந்த விஷயம் விதிகள் பற்றியது அல்ல. யார் எதனால் போகிறார்கள் என்பது பற்றியது. அதற்கு மணப்பாறைக்கு வர வேண்டும்.

மணப்பாறையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போனால் வழியில் நாவலூர் குட்டப்பட்டு வரும். 2012ல் சட்டம் போட்டு, அடுத்த வருஷம் முதல் வகுப்பைத் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளி, இப்போது பல்கலைக்கழகம், அங்கேதான் இருக்கிறது. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். ஃபீஸ் வருஷத்துக்கு லட்சத்தில். இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருச்சி. அங்கே 1979லிருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஃபீஸ் அதில் ஒரு துளி. இரண்டிலும் அதே ஒப்பந்தச் சட்டம், அதே இந்திய அரசியலமைப்பு. ஆனால் முதல் இடத்தில் மூன்றாம் வருஷத்திலேயே எந்தச் சட்ட நிறுவனத்தில், எந்த வங்கியில் இன்டர்ன்ஷிப் என்று பேச்சு ஓடும். இரண்டாவது இடத்தில், எந்த சீனியரிடம் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டுக்காவது காசு தருவார் என்று பேச்சு ஓடும்.

எங்கள் ஊர் கோர்ட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, செக் கேஸ், திண்டுக்கல் ரோட்டில் நடக்கும் ஆக்சிடென்ட் கேஸ், ஜீவனாம்சம். ஜூனியரின் வேலை, வாய்தா வாங்குவது, கட்டைத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் நடப்பது, ஜெராக்ஸ் கடையில் நிற்பது. இதில் அவமானம் எதுவும் இல்லை, தொழில் அப்படித்தான் பழக வேண்டும். வ.உ.சி.யும் அப்படித்தான் பழகியிருப்பார். ஆனால் மூன்று வருஷம் கையில் எதுவும் வராமல் பழக, வீட்டில் யாராவது சோறு போட வேண்டும். அப்பா வக்கீல் என்றால் போடுவார். அப்பா சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவர் என்றால்? அம்மா முறுக்குச் சுற்றிக் கூலி வாங்குகிறவர் என்றால்? அந்த வீட்டில் ஐந்து வருஷம் படிக்க வைத்ததே பெரிய காரியம்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட வேண்டும் என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சிபாரிசு செய்தது. திருச்சியும் மணப்பாறையும் அந்த 15,000 கணக்கில் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன ஊர் சீனியருக்கே மாதம் நிலையாக எவ்வளவு வரும்? ஒரு பாகப்பிரிவினை வழக்கு பத்து வருஷம் ஓடுகிறது, கட்சிக்காரர் அறுவடைக்கு அறுவடைதான் காசு தருகிறார். அவர் இரண்டு ஜூனியருக்கு 30,000 எங்கிருந்து எடுப்பார்? ஜூனியரே வேண்டாம் என்று குமாஸ்தாவோடு நிறுத்திக்கொள்வார். உத்தரவு சென்னையின் பெரிய ஆபீஸ்களை மனதில் வைத்துப் போட்டது மாதிரி இருக்கிறது. 2020ல் தமிழக அரசு ஏழை வீட்டிலிருந்து வரும் இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருஷம் மாதம் 3,000 ரூபாய் என்று ஒரு திட்டம் தொடங்கியது. என்னைக் கேட்டால் சரியான வழி அதுதான், தொகைதான் கேலியாக இருக்கிறது. 3,000 ரூபாயில் பஸ் பாஸும் டீயும் போக ஒரு வெள்ளைச் சட்டை வாங்கலாம்.

இந்த இடத்தில்தான் கம்பெனி வருகிறது. எங்கள் ஊருக்கே வந்திருக்கிறது. மொண்டிப்பட்டியில் 2016லிருந்து டி.என்.பி.எல். அட்டை ஆலை ஓடுகிறது. அப்படி ஒரு ஆலை என்றால் நிலம், ஒப்பந்தம், தொழிலாளர், தண்ணீர், மாசு என்று சட்டம் தெரிந்த ஆளுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். முறுக்குக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கும் யாரோ உட்கார்ந்து விண்ணப்பம் எழுதித்தான் வாங்க வேண்டியிருந்தது. சென்னை, பெங்களூர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே மாதம் பிறந்தால் சம்பளம் வரும் இடத்துக்கு ஒரு பையனோ பெண்ணோ போனால், 'கவுனைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டான்' என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதே அளவு கோபம், 'அவன் செட்டில் ஆயிட்டான், நீ என்ன கோர்ட்டு வாசல்ல நிக்கப் போறியா' என்று கேட்கும் எங்கள் சொந்தக்காரர்கள் மேலும் வருகிறது. எங்கள் மாமா ஒருவர் கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே இதைக் கேட்டார். ரசம் ஊற்ற வந்தவர் காப்பாற்றினார்.

இரண்டு தரப்பும், போவதில் இரண்டு வகை இருப்பதைப் பார்ப்பதில்லை. கோர்ட்டில் நின்று, பெயர் எடுத்து, 'இனி இதைச் செய்கிறேன்' என்று கம்பெனிக்குப் போவது ஒன்று. கோர்ட்டில் நிற்க வழியில்லாமல் போவது இன்னொன்று. முதல் வகையில் போகிறவர் கையில் பேரம் பேசும் சக்தி இருக்கிறது. அமெரிக்காவில் கென்னத் ஃப்ரேசியர் என்று ஒருவர். அப்பா துப்புரவுத் தொழிலாளி. ஹார்வர்டில் சட்டம் படித்து 1978ல் வெளியே வந்து, பிலடெல்பியாவில் 14 வருஷம் சட்ட நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1992ல் மெர்க் மருந்துக் கம்பெனிக்குப் போனார். வயாக்ஸ் மாத்திரையால் மாரடைப்பு வந்தது என்று ஆயிரக்கணக்கான வழக்குகள் கம்பெனி மேல் விழுந்தபோது, சட்டப் பிரிவின் தலைவர் அவர். மொத்தமாகச் சமரசம் பேசாமல் ஒவ்வொரு வழக்காக நடத்துவோம் என்று நின்று, கடைசியில் 2007ல் 485 கோடி டாலருக்கு முடித்தார். 2011ல் அதே கம்பெனிக்குத் தலைமை நிர்வாகி, 2021 வரை. அவர் செய்தது நோயாளிகளுக்கு நியாயமா என்பது வேறு கேள்வி, எனக்கு அதில் சந்தேகம் உண்டு. ஆனால் 'கோர்ட்டுக்குப் போவோம்' என்று ஒரு பெரிய கம்பெனியின் போர்டுக்கு முன்னால் சொல்லும் தைரியம், கோர்ட் ஆட்களோடு அத்தனை வருஷம் பழகியவருக்குத்தான் வரும். 23 வயதில் நேராகக் கம்பெனிக்குப் போய் ஒப்பந்தப் படிவத்தில் காலி இடம் நிரப்புகிறவருக்கு அது எங்கிருந்து வரும்?

வ.உ.சி.யே இரண்டு வகையிலும் போனவர் என்பதுதான் இதில் விசேஷம். 1906ல் போனது முதல் வகை, அதைத்தான் மேலே பார்த்தோம். இரண்டாவதை அதிகம் பேர் பேசுவதில்லை. தண்டனையோடு வக்கீல் சன்னதும் போய்விட்டது. ஜெயிலிலிருந்து வந்தவருக்கு வேறு தொழில் இல்லை. சென்னையில் அரிசி வியாபாரம் பார்த்தார், நெய் வியாபாரமும் செய்தார். எதுவும் நிற்கவில்லை. 10 லட்சம் மூலதனத்தில் கம்பெனி நடத்தியவர், நண்பர்களுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதும் நிலைமை. பிறகு கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் மேலாளர் வேலை. இது அவருடைய இரண்டாவது கம்பெனி உத்தியோகம். கப்பல் கம்பெனிக்கு அவர் தேடிப் போனார், வங்கிக்கு வேறு வழியில்லாமல் போனார். அந்த வருமானம் போதவில்லை, திரும்ப வக்கீல் தொழில் செய்ய அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். நீதிபதி ஈ.எச்.வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகக் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர், ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார் என்றால், அந்த ஒரு காகிதம் அவருக்கு எவ்வளவு பெரியதாக இருந்திருக்க வேண்டும்! பிறகு கோவில்பட்டி, தூத்துக்குடி என்று தொழிலைத் தொடர்ந்து, 1936 நவம்பரில் காலமானார்.

அந்தக் காகிதம் இப்போது மலிவாகிவிட்டது. பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த என்ரோல்மென்ட் கட்டணத்தை, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று நிறுத்தியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான். உள்ளே நுழைய அவ்வளவு போதும். உள்ளே மூன்று வருஷம் தாக்குப்பிடிக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மணப்பாறையிலிருந்து தினமும் போய்வரும் செலவு, மதியச் சாப்பாடு, சட்டப் புத்தகம், ஒரு கவுன் எல்லாம் சேர்த்து. வரவுப் பக்கம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. கம்பெனிக்குப் போக மாட்டேன் என்றெல்லாம் சபதம் எதுவும் எடுக்கவில்லை. முப்பது வயசுக்கு மேல் யாராவது கூப்பிட்டால் சந்தோஷமாகப் போவேன், பேரம் பேசித்தான் போவேன். அதுவரைக்கும் திருச்சி கோர்ட்டில் ஜூனியர் தேடுகிற சீனியர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். 15,000 கூடக் கேட்க மாட்டேன், 8,000 கொடுத்தால் போதும். :-)